கோட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பூஜ்யங்கள்

பேராசிரியர் கல்யாணசுந்தரம் பொய் சொன்னார். பம்பாய் மாட்டுங்கா மண்டபத்தில், மைக் முன்னால் நின்று, நிறைந்த சபையில் சொன்னார். வாய் தவறிச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்.

டாக்டர் நீலகண்டனின் நினைவுக் கூட்டம் அது. நான் அவரிடம் வேலை பார்த்தவள் என்பதால் போயிருந்தேன். என்னோடு வேலை பார்த்த லலிதாவும் நெருளிலிருந்து மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். பேராசிரியர் எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசினார், நாங்கள் கீழே உட்கார்ந்திருப்பது தெரியாமல். "கம்ப்யூட்டர் வராத காலம். கையால் சுற்றும் மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் கணக்குப் போட்டார்கள். எங்கோ பிழை விட்டார்கள். இல்லாத இரண்டு பூஜ்யங்கள் இருப்பதாக விடை வந்தது. பாவம், நீலகண்டன் அதை நம்பி அச்சிட்டுவிட்டார்" என்றார். சபை சிரித்தது. லலிதாவின் மகன் குனிந்து, "நீங்களாம்மா அது?" என்று கேட்டான். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் நான் மேடைக்குப் போனேன்.

"சார், அந்தக் கணக்க நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"நீங்க யாரும்மா?"

"அதுல ஒரு பொண்ணு நான்தான்."

"அடடா! தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தக் காலத்து வசதிக்கு அதுவே பெரிய விஷயம்."

"வசதிய நான் கேக்கல. போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டேன்."

"கீழ டிபன் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு யாரோடோ போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டார்.

நான் டிபன் சாப்பிடவில்லை. எங்கள் தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் ரொம்ப நாளாக என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன இருக்கிறது எழுத என்று தட்டிக்கழித்து வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் வராத காலம் என்றாரே, அது தவறு. என் வேலை நியமனத்தில் பதவியின் பெயரே கம்ப்யூட்டர்தான். அறுபதுகளில் அந்தச் சொல்லுக்கு ஆள் என்று பொருள். லலிதா ஒரு கம்ப்யூட்டர். நான் ஒரு கம்ப்யூட்டர்.

நான் தாராவிக்காரி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் வேலை. நாசரேத் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தபோது, மாட்டுங்காவில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்துக்குக் கணக்கில் பிசகாத பெண்கள் வேண்டும் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். போனேன். மெஷினைக் காட்டினார்கள். சில மாதம் பழகினேன். அவ்வளவுதான் பயிற்சி.

மெஷின் ஒரு தையல் மெஷினின் தலை அளவு இருக்கும். எண்ணைச் சின்னச் சின்ன நெம்புகோல்களில் வைக்க வேண்டும். பக்கத்தில் கைப்பிடி. ஏழால் பெருக்க ஏழு சுற்று. அடுத்த இலக்கத்துக்கு, விடை தெரியும் தட்டை ஓர் இடம் தள்ளினால் 'டக்' என்று விழும். மறுபடி சுற்று. கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் மணி அடிக்கும். காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்தால் வலது தோள் என்னுடையது இல்லை என்று தோன்றும்.

லலிதா மாட்டுங்கா பெண். பாலக்காட்டுக் குடும்பம். அவள் அப்பா ரயில்வே ஆபீசில் இருந்தார். முதல் சில மாதம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் டிபனைத் திறப்பாள். பிறகு திரும்பினாள். பிறகு என் டப்பாவில் கை வைத்தாள். இதை அவள் அம்மா இருந்தவரை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா இப்போது இல்லை.

எங்கள் அறைக்கு மேலதிகாரி டாக்டர் நீலகண்டன். ஒல்லியான மனிதர். கதர்ச் சட்டை, தோளில் ஒரு குடை. எங்களை 'நீங்கோ' என்றுதான் கூப்பிடுவார், இத்தனைக்கும் நாங்கள் அவருக்கு மகள் வயது. அவருடைய விதிகள் மூன்று. ஒரே தாளை இரண்டு பேரும் தனித்தனியாகப் போட வேண்டும். அழிக்கவே கூடாது; தவறினால் ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். மூன்றாவது, என்ன விடை வர வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்கக் கூடாது. "தெரிஞ்சுண்டா கை அங்க போகும். கையை நம்ப முடியாது" என்பார்.

சாயங்காலம் இரண்டு தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ஒத்துப்போனால் தலையை ஆட்டுவார். ஒத்துப்போகவில்லை என்றால் யார் தப்பு என்று சொல்ல மாட்டார். இரண்டையும் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவை" என்பார். சரியாகப் போட்டவளும் மறுபடி போட வேண்டும். எனக்குக் கோபமாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சார், எவ தப்பா போட்டான்னு உங்களுக்குத் தெரியுதுல்லா? சரியாப் போட்டவ எதுக்கு மறுபடி சுத்தணும்?"

"தெரிஞ்சா சொல்லுவேனே. இப்ப எனக்குத் தெரிஞ்சது ரெண்டும் வேற வேறங்கறது மட்டுந்தான்."

"ஒரே தாள்ல நீங்களே போட்டுப் பாத்தா..."

"அப்ப மூணு வேற வேற விடை இருக்கும்" என்றார். லலிதா மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

நாங்கள் என்ன கணக்கைப் போடுகிறோம் என்று அறிய ஆசைப்பட்டவள் லலிதாதான். "விடை வேண்டாம் சார். எதைத் தேடறோம்னாவது சொல்லப்படாதா?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். "விடையைச் சொல்லலை. வழியைச் சொல்றேன்" என்று மதிய இடைவேளையில் எங்களைக் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். சாதாரண எண்கள் ஒரு கோட்டில் வரிசையாக நிற்கும். கலப்பெண்கள் அப்படி இல்லை. தரை முழுக்கப் பரவி நிற்கும். இடம் வலம் உண்டு, மேல் கீழ் உண்டு. ஜீட்டா என்பது அந்தத் தரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பைத் தரும் ஒரு ஏற்பாடு. சில புள்ளிகளில் மதிப்பு ஒன்றுமில்லாமல் போகும். அவைதான் பூஜ்யங்கள். முதல் ஜீட்டாவுக்குப் பூஜ்யங்கள் எல்லாம் நடுவில் நேராக மேலே போகும் ஒரே கோட்டில்தான் நிற்கும் என்று ஒரு ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன் சொல்லிவிட்டுப் போனார். தேடியவர்கள் எல்லாம் கோட்டில்தான் கண்டார்கள். ஆனால் எல்லாமே அங்கேதான் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

"நாம போடறது அது இல்லை. அதோட தம்பி" என்றார் நீலகண்டன். இரண்டு முழு எண்களை எடுத்து, ஒன்றின் வர்க்கத்தோடு மற்றதன் வர்க்கத்தை ஆறு மடங்காக்கிக் கூட்டினால் வரும் எண்களிலிருந்து செய்யப்பட்ட ஜீட்டா. அதற்கும் நடுக்கோடு உண்டு. கோட்டுக்கு இடப்பக்கம் வலப்பக்கத்தின் பிம்பம். ஆனால் அண்ணனை, அந்த முதல் ஜீட்டாவை, பகா எண்களால் பெருக்கியே கட்டிவிடலாம். தம்பியை அப்படிக் கட்ட முடியாது.

"சரி சார், பூஜ்யம் எத்தனை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஒவ்வொரு புள்ளியா போய்ப் பாப்பீங்களா? தரைக்கு முடிவே இல்லியே" என்றேன்.

அவர் குடையை எங்கள் கையில் கொடுத்தார். "இந்தப் பூங்காவுக்குள்ள நான் போகப்போறதில்லை. வெளிய சுத்தி நடக்கறேன். என் கையில ஒரு ஊசி இருக்குன்னு வெச்சுக்கோங்கோ. நிக்கற இடத்துல ஜீட்டாவோட மதிப்பு எந்தப் பக்கம் பார்க்கறதோ, ஊசி அந்தப் பக்கம் திரும்பும்." வலது கையை நீட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடக்க நடக்கக் கை மெல்லத் திரும்பியது. பஸ் ஒன்று அவரை ஒட்டி வந்தது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, "அரே மாஸ்டர், பாகல் ஹோ கயா க்யா?" என்று, பைத்தியமா பிடித்திருக்கிறது என்ற பொருளில், கத்தினான். அவர் காதில் விழவில்லை. முழுச் சுற்று முடித்து எங்கள் முன்னால் வந்து நின்றபோது அவர் கையும் ஒரு முழு வட்டம் அடித்துப் புறப்பட்ட திசைக்கே வந்திருந்தது.

"ஊசி ஒரு தடவை சுத்தினா, உள்ள ஒரு பூஜ்யம். ரெண்டு தடவை சுத்தினா ரெண்டு. சுத்தவே இல்லைன்னா உள்ள ஒண்ணும் இல்லை."

"உள்ள போயே பாக்காண்டாமா சார்?"

"வேண்டாம்."

நான் தாராவியில் வளர்ந்தவள். வெளியே நடந்துவிட்டு உள்ளே எத்தனை பேர் என்று சொன்னால் எங்கள் சந்தில் அடி விழும். ஆனால் இங்கே விளிம்பை ஒரு தடவை கவனமாகச் சுற்றினால் போதும், உள்ளே இருப்பது மறைக்க முடியாமல் வெளியே தெரிந்துவிடுகிறது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அன்று மத்தியானம் மறுபடி கைப்பிடியைப் பிடித்தேன். அதுவரை நான் இலக்கங்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று முதல் ஒரு வேலியைச் சுற்றினேன்.

இரண்டு வகையில் எண்ணினோம். ஒன்று, நடுக்கோட்டின் மேலேயே ஏறிக்கொண்டே போவது. கோட்டில் மதிப்பு சாதாரண எண்ணாகக் குறுகிவிடும். அதன் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்கோ, கழித்தலிலிருந்து கூட்டலுக்கோ மாறினால் நடுவில் ஒரு பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறோம். இன்னொன்று, அதே உயரம் வரை பெரிய செவ்வகம் போட்டு ஊசியோடு சுற்றிவருவது. பூஜ்யங்கள் எல்லாம் கோட்டில் இருந்தால் இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். நேராகக் கூட்டினால் முடிவே இல்லாத தொடர் அது. நீலகண்டன் ஒரு குறுக்குச் சூத்திரம் வைத்திருந்தார். அதில் முதல் சில உறுப்புகள் போதும்; மிச்சம் கடைசி இலக்கத்துக்கும் அப்பால் போய்விடும். அப்படியும் ஒரு புள்ளிக்கு அரை நாள் ஆகும்.

கீழே இருந்த செவ்வகங்கள் ஒத்துப்போயின. மேலே ஒரு செவ்வகத்தில் ஒத்துப்போகவில்லை. கோட்டில் எண்ணியதைவிட ஊசி இரண்டு முறை அதிகம் சுற்றியிருந்தது.

நீலகண்டன் தாள்களை ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். போட்டோம். மறுபடியும் இரண்டு. கோட்டில் இன்னும் நெருக்கமாகப் புள்ளிகள் எடுத்தோம், ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு பூஜ்யங்களைத் தாண்டிப் போயிருக்கலாம் என்று. இல்லை. மறுபடியும் இரண்டு.

அந்தச் சமயத்தில் நகரத்தில் இன்னோர் இடத்தில் மின்னணு மெஷின் வந்துவிட்டது. எங்கள் இயக்குநருக்கு எங்கள் அறையை மூடிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் அறைக்கு வந்தார். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்து எங்கள் முன்னாலேயே பேசினார். "உங்கள் பெண்கள் தூங்கி விழுந்த இடத்தில் நீங்கள் கணிதத்தைத் தேடுகிறீர்கள். பிழை என்று எழுதிக் கொடுங்கள். அறையை மூடிவிட்டு வேலையை அங்கே அனுப்பிவிடலாம்."

நீலகண்டன், "பிழை என்றால் எந்தப் பிழை என்று எழுத வேண்டும்" என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார். இயக்குநர் அவருக்கு மழைக்காலம் முடியும்வரை தவணை கொடுத்தார்.

அந்த அறை மூடினால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா வேலை பார்த்த தோல் பட்டறை அதற்கு முந்தைய வருஷம் மூடியாகிவிட்டது. வீட்டில் வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். லலிதா வீட்டில் ஜாதகம் சுற்றிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போகிறாள் என்று சொல்லித்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். "ரூம் மூடினா அடுத்த மாசமே நேக்குக் கல்யாணம்டி. மாப்பிள்ளை ஜாம்ஷெட்பூர்" என்றாள். "மாப்பிள்ள எப்படி இருக்காரு?" என்றேன். "போட்டோவுல பாதிதான் தெரியறது. மீதி மீசை."

சிரித்தோம். ஆனால் இரண்டு பேருக்கும் பயம். கணக்கு சரி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு தாளும் ஒத்துப்போகின்றன, அதனால் சரி. வேறு சாட்சி கிடையாது.

அந்தச் சாட்சியையும் நீலகண்டனே உடைத்தார். ஒரு மத்தியானம் நான் ஒரு நீண்ட பெருக்கலை முடித்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தார். உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார். பேனாவால் வரிசையாக இலக்கங்கள் எழுதியிருந்தன.

"ஜெபமணி, நீங்கோ இப்பப் பெருக்கினது இந்த எண்ணாலதானே?"

தாளைப் பார்த்தேன். முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை அதேதான். "ஆமா சார். உங்களுக்கு எப்படி...?"

"எங்கேர்ந்து பார்த்தேள் சார்?" என்று லலிதா கேட்டாள்.

"பார்க்கலை. வராந்தாவுல நின்னு கேட்டேன். மூணு சுத்து, டக். எட்டு சுத்து, டக். ஒரு சுத்து, டக்." விரலால் கதவில் தட்டிக் காட்டினார். "எனக்கே கேக்கறது. பக்கத்துல உக்காந்து ஒரே தாளை ஒரே நேரத்துல போடற உங்களுக்குக் கேக்காதா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யாகிவிடும். லலிதா ஆறு சுற்று சுற்றும்போது நான் ஏழு சுற்றினால் ஏதோ பிசகிவிட்டது என்று கை தானாக நின்று தாளைத் திரும்பப் பார்க்கும். அது எனக்குப் பழக்கம். அவளுக்கும் பழக்கம். அதை நாங்கள் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சேர்ந்து பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போவதுபோல நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தி விழுந்தால் இரண்டு பேரும் விழுவோம்.

அவர் பழைய தாள்களை எடுத்து வைத்தார். நாங்கள் எண்களைப் பார்த்து எடுக்கும் அட்டவணைப் புத்தகத்தில் ஏழு என்று இருந்ததை இருவருமே எட்டு சுற்றியிருந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு தாளிலும் ஒரே வரி, ஒரே பிழை.

"அப்ப டைரக்டர் சொன்னது சரிதானா சார்?" என்று கேட்டாள் லலிதா.

"தெரியலை. ஒரே மேஜையில ஒரே தாளைக் கொடுத்தது நான். சாட்சி ரெண்டு பேர்னு நினைச்சேன். ஒருத்தர்தான் இருந்திருக்கார்." பிறகு அவர் சொன்னது அதே சொல்தான். "இன்னொரு தடவை."

செம்பூரில் நிறுவனத்துக்கு இன்னோர் அறை இருந்தது. காகிதக் கட்டுகள் அடுக்கும் அறை. லலிதாவையும் அவள் மெஷினையும் அங்கே அனுப்பினார். மெஷினை டாக்ஸியில் ஏற்றி, மடியில் குழந்தையை வைப்பதுபோல அதை வைத்துக்கொண்டு போனாள். நான் மாட்டுங்காவில் தனியாக உட்கார்ந்தேன். முதல் நாள் என்னால் வேலையே செய்ய முடியவில்லை. அறையில் என் சத்தம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தடவை பார்த்துச் சுற்றினேன். என்னைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

கோடு முழுவதும், செவ்வகம் முழுவதும், முதலிலிருந்து. மழை கொட்டியது. நீலகண்டன் குடைக்குள் தாள்களை அணைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் பஸ்ஸில் அலைந்தார். ஒத்துப்போகாத தாள்கள் முன்பைவிட நிறைய வந்தன. எத்தனை தடவை அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், நான் அவளைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. போட்டோம், மறுபடி போட்டோம். நாங்கள் சேர்ந்து விட்டிருந்த பழைய பிழைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெல்ல மெல்ல செம்பூர்த் தாளும் மாட்டுங்காத் தாளும் ஒத்துப்போக ஆரம்பித்தன.

அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? முன்பும் எங்கள் தாள்கள் ஒத்துப்போயிருக்கின்றன. அது இரண்டு தோழிகளின் ஒற்றுமை. இது அப்படி இல்லை. நடுவில் சயான் இருக்கிறது, சுனாபட்டி இருக்கிறது, ரயில் பாதைகள், மழை வெள்ளம், லட்சக்கணக்கான ஜனங்களின் சத்தம். அவள் எண்ணுவது எனக்குக் கேட்காது. அவள் செம்பூரில் கைப்பிடியைச் சுற்றிக் கடைசியில் எழுதும் இலக்கத்தை நான் மாட்டுங்காவில் எழுதுகிறேன். அப்படியென்றால் அந்த இலக்கம் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னாலேயே அது எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு வழியாகப் போய் ஒரே கதவைத் தட்டுகிறோம். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அங்கேகூட அவ்வளவு அமைதியாக நான் நின்றதில்லை.

சுற்றி முடித்தோம். கோட்டில் எண்ணியதைவிட ஊசி இரண்டு முறை அதிகம் சுற்றியிருந்தது.

இந்தத் தடவை நீலகண்டன் 'இன்னொரு தடவை' சொல்லவில்லை. செவ்வகத்தைக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் மட்டும் வெட்டினார். சிறு செவ்வகம், அது கோட்டைத் தொடவே தொடாது. சுற்றினோம். ஊசி ஒரு முறை சுற்றியது. அதைப் பாதியாக்கினார். ஒரு பாதியில் ஊசி சும்மா ஆடிவிட்டுத் திரும்பியது. மறு பாதியில் ஒரு முழுச் சுற்று. அதையும் பாதியாக்கினார். உள்ளே என்ன இருக்கிறதோ அதன்மேல் வேலி இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் வேலிக்கு நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கே மதிப்பைப் போடச் சொன்னார். நான் போட்டேன். முதல் இலக்கம் பூஜ்யம். அடுத்தது பூஜ்யம். அடுத்ததும். எங்கள் மெஷின் எவ்வளவு துல்லியம் காட்டுமோ அந்த விளிம்பு வரை பூஜ்யங்களாகவே வந்தது. கைப்பிடியை விட்டுவிட்டேன்.

மறுநாள் செம்பூர்த் தாளோடு லலிதாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு தாளையும் மேசையில் வைத்தார். இந்த முறை ஒப்பிடுவதை எங்களிடமே விட்டார். இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போயின.

"அப்ப நாங்க தப்பாப் போடல" என்றேன் நான்.

"இல்லைம்மா. அது அங்க இருக்கு. கோட்டுக்கு வெளியில."

"இப்படி ஒண்ணு இருக்கும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா சார்?"

"இந்த மாதிரி ஜீட்டாவுக்கு எங்கேயோ இருக்கும்னு பெரியவா நிரூபிச்சிருக்கா. எங்கேன்னு இதுக்கு யாரும் கை வெச்சுக் காட்டலை. வெறும் நிரூபணத்துல படிச்சப்போ எனக்கு இப்படி உடம்பு சிலிர்க்கலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு இடப்பக்கத்துல, இதே உயரத்துல. பிம்பம். போட வேண்டியதில்லை. அதுக்கு நிரூபணம் இருக்கு."

"இருக்கட்டும் சார். நான் போட்டுப் பாக்குதேன்."

அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "போடுங்கோ" என்றார். போட்டேன். ஒரு முழு நாள் ஆனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருந்ததோ, அந்தப் பக்கம் அதே தூரத்தில், அதே உயரத்தில், மற்றது நின்றது. யாரோ நிரூபித்திருந்தார்கள், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அது அங்கே வந்து நின்றபோது தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"அண்ணன் ஒழுங்கா கோட்டுல நிக்கான். தம்பிதான் வேலி தாண்டிட்டான்" என்றேன். "எங்காத்துலேயும் அப்படித்தான்" என்றாள் லலிதா.

நீலகண்டன் இயக்குநரிடம் இரண்டு இடத்துத் தாள்களையும் கொண்டுபோய் வைத்தார். இயக்குநர் என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அறையை மூடவில்லை, அவ்வளவுதான். கட்டுரை அச்சாகி வந்தது. உயரம் எவ்வளவு, கோட்டிலிருந்து விலகல் எவ்வளவு, எந்தச் செவ்வகம், எல்லாம் அதில் இருக்கிறது. லலிதா ஜாம்ஷெட்பூர் போகவில்லை. சில வருஷம் கழித்துத் தாணேயில் தானே பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மின்னணு மெஷின் எங்களுக்கும் வந்தது. அதற்குக் கணக்கைக் கொடுக்க அட்டையில் துளை போடக் கற்றேன். ஓய்வு பெறும்வரை எத்தனையோ மெஷின்களைப் பார்த்துவிட்டேன். எதுவும் என்னை அந்த மழைக்காலம்போல நிற்கவைத்ததில்லை.

பேராசிரியர் அவர்களே, பிழை விட்டோம் என்று சொல்கிறீர்கள். விட்டோம், எத்தனையோ விட்டோம். எப்படி விட்டோம், எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் பிழை எது? எந்த வரி? நீலகண்டன் உயிரோடு இல்லை, நாங்கள் கிழவிகள், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தீர்கள். நான் கேட்கிறேன்.

கட்டுரை நூலகத்தில் இருக்கிறது. உங்கள் பையில் இருக்கும் மெஷினுக்கு எங்கள் மழைக்காலம் ஒரு நிமிஷ வேலை. வலப்பக்கச் சிறு செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிவாருங்கள். ஊசி எத்தனை முறை சுற்றுகிறது என்று பாருங்கள். எனக்குக் கடிதம் போட வேண்டாம், வருத்தம் தெரிவிக்க வேண்டாம். மாட்டுங்கா மண்டபத்தில், மைக் முன்னால், லலிதாவையும் அவள் மகனையும் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கிடைத்த அந்த ஓர் எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்றா, பூஜ்யமா?